கம்பெனி பார்ட்ஸா, வெளி பார்ட்ஸா?

போர்ஷே காரின் லோயர் ஆர்ம் ஒன்றை இரண்டு விதமான பெட்டிகளில் வாங்கலாம். ஒரு பெட்டியில் போர்ஷே முத்திரை இருக்கும். இன்னொன்றில் அந்த ஆர்மைச் செய்துகொடுத்த சப்ளையரின் பெயர் இருக்கும். விலையும் கணிசமாகக் குறைவு. இரண்டாவது பெட்டியைப் பிரித்துப் பாகத்தைத் திருப்பிப் பார்த்தால், பல நேரம் ஓரிடத்தில் மட்டும் கிரைண்டர் வைத்துத் தேய்த்த தடம் தெரியும். மற்ற இடமெல்லாம் மங்கிய சாம்பல் நிறம், அங்கே மட்டும் பளபளப்பு. விரலால் தடவினால் கீறல் தட்டுப்படும். கார் கம்பெனியின் சின்னம் இருந்த இடம் அது. ஒரே ஆலை, ஒரே அச்சு, ஒரே உலோகம். சின்னத்தோடு வெளியே விற்க உரிமை இல்லை என்பதால் அதை மட்டும் சுரண்டிவிட்டுக் கடைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

'ஒரிஜினலா, வெளி பார்ட்ஸா' என்று ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்கள் சலிக்காமல் போடும் சண்டை இந்தத் தடத்தோடு தீர்ந்துவிட்டால் நல்லது. தீராது. வெளி பார்ட்ஸ் என்ற ஒரே பெயரில் பல வகைச் சரக்கு புழங்குகிறது. மேலே சொன்ன, சின்னம் மட்டும் நீங்கிய அசல் ஒன்று. கார் கம்பெனிக்குச் சப்ளை செய்யாவிட்டாலும் சொந்தப் பெயரைப் பணயம் வைத்துத் தரமாகச் செய்பவர்களின் பாகம் இன்னொன்று. அசலில் இருந்த குறையைக் கண்டுபிடித்து, அதைத் திருத்திச் செய்த பாகமும் உண்டு. பெயரும் ஊரும் தெரியாத மலிவு நகலும் உண்டு. போலி முத்திரை குத்திய டூப்ளிகேட்டை இந்தக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது. அது வியாபாரமல்ல, மோசடி.

ஆகவே பெட்டியைப் பார்த்து முடிவெடுப்பவர் இரண்டு பக்கமும் ஏமாறுகிறார். ஷோரூம் சொன்னால் சரி என்பவர் தேவையில்லாமல் பணத்தைக் கொட்டுகிறார். எல்லாம் ஒன்றுதானே என்பவர் ஒருநாள் என்ஜினையே இழக்கிறார். யார் செய்தது, உடைந்தால் கூடவே எதை இழுத்துக்கொண்டு போகும், மாற்றுவதற்கு எவ்வளவு பிரிக்க வேண்டும் என்று ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாகக் கேட்டாக வேண்டும். இதைப் புரிந்துகொள்ள '996' என்ற எண்ணால் அறியப்படும் போர்ஷே 911-ஐ விட நல்ல பாடப்புத்தகம் கிடையாது.

1990-களின் தொடக்கத்தில் போர்ஷே நஷ்டத்தில் தத்தளித்தது. 1993-ல் தலைமைக்கு வந்த வெண்டலின் வீடெகிங், டொயோட்டாவின் உற்பத்தி முறை தெரிந்த ஜப்பானிய ஆலோசகர்களை ஆலைக்குள் அழைத்துவந்தார். செலவைக் குறைக்க, 1996-ல் வந்த பாக்ஸ்டரும் 1997-ல் வந்த புதிய 911-ம் முன்பாதியையும் எத்தனையோ பாகங்களையும் பகிர்ந்துகொண்டன. முப்பது ஆண்டுகளுக்கு மேல் காற்றில் குளிர்ந்துகொண்டிருந்த 911 என்ஜின் முதன்முறையாகத் தண்ணீருக்கு மாறியதும் அப்போதுதான். கம்பெனி பிழைத்தது. பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். முட்டையை உடைத்து ஊற்றியதுபோல ஹெட்லைட் என்று கேலி செய்தார்கள். அதன் பலன் பின்னால் வந்தவர்களுக்குக் கிடைத்தது. பல ஆண்டுகள் செகண்ட் ஹேண்ட் சந்தையில் இருந்த 911-களிலேயே மலிவு இந்தத் தலைமுறைதான்.

கார் விலை இறங்கியதே தவிர, பார்ட்ஸ் விலை இறங்கவில்லை. சாதாரண செடான் விலைக்கு 911 வாங்கியவருக்கும் வாட்டர் பம்ப் 911 விலைக்குத்தான். ஆனை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு யோசிக்கிறார்கள் என்று கேலி செய்வது சுலபம். இங்கே அங்குசத்தின் விலை அப்படி. வெளி பார்ட்ஸ் வியாபாரம் செழித்தது இந்த இடைவெளியில்தான்.

கடையிலேயே இல்லாத ஒரிஜினல்

996-லும் அந்தக் காலத்து பாக்ஸ்டரிலும் இருப்பது 'எம்96' என்ஜின். இதில் கிராங்க் ஷாஃப்டின் சுழற்சி நேராக கேம் ஷாஃப்டுகளுக்குப் போவதில்லை. அடியில் ஓடும் இடைத் தண்டு ஒன்று வாங்கிச் செயின்கள் வழியே கடத்துகிறது. ஐ.எம்.எஸ். என்று மெக்கானிக்குகள் சொல்வது இந்தத் தண்டைத்தான். அதன் ஒரு முனையைத் தாங்குவது, உள்ளே கிரீஸ் அடைத்து மூடிய, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பால் பேரிங். ஆரம்ப கார்களில் இரட்டை வரிசைக் குண்டுகள். 2000, 2001 வாக்கில் ஒற்றை வரிசைக்கு மாற்றினார்கள். சிக்கல் பெரிதானது அங்கேதான்.

பேரிங் இருப்பது என்ஜின் ஆயிலுக்குள். வருடங்கள் போகப்போக அதன் ரப்பர் சீல் இறுகுகிறது. சூடான ஆயில் மெல்லக் கசிந்து உள்ளே போய் கிரீஸைக் கரைத்துவிடுகிறது. உள்ளே போன ஆயிலும் புதுப்பிக்கப்படுவதில்லை. அங்கேயே தேங்கிக் கெட்டுப்போகிறது. மசகு இல்லாமல் குண்டுகள் தேய்கின்றன, தண்டு ஆடுகிறது, செயின் பல் தவறுகிறது, வால்வுகள் பிஸ்டனில் மோதுகின்றன. என்ஜின் காலி. பெரும்பாலும் முன்னறிவிப்பே இருக்காது. ஷெட்டிலேயே நிறுத்திவைத்து எப்போதாவது எடுக்கும் கார்களில்தான் இது அதிகம் என்பது இந்த என்ஜின்களைப் பிரித்துப் பழகிய மெக்கானிக்குகளின் அனுபவம். பொத்திப் பொத்தி வைத்திருந்தவர்களே மாட்டினார்கள்.

அமெரிக்காவில் உரிமையாளர்கள் கூட்டாக வழக்குப் போட்டார்கள். ஒற்றை வரிசைப் பேரிங் கார்களில் சுமார் 8 சதவீதம், இரட்டை வரிசையில் 1 சதவீதத்தை ஒட்டி என்பது அந்த வழக்கையொட்டி வெளியே தெரிந்த கணக்கு. 2001 முதல் 2005 வரையிலான குறிப்பிட்ட கார்களுக்கு 2013-ல் சமரசத் தீர்வு வந்தது. நூற்றுக்கு எட்டு என்பது பெரிய எண்ணாகத் தெரியாமல் இருக்கலாம். பேரிங்கின் விலையையும் அது கொல்லும் என்ஜினின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தூக்கம் போகும்.

இங்கே வாதம் தலைகீழாகிறது. அந்தப் பேரிங்கை போர்ஷே தனிப் பாகமாக விற்கவே இல்லை. 'நான் ஒரிஜினல்தான் போடுவேன்' என்று விரதம் இருப்பவர் டீலரிடம் போனால், தண்டு முழுவதையும் வாங்க வேண்டும், அல்லது என்ஜினையே வாங்க வேண்டும். அந்தக் காலியிடத்தை நிரப்பியது அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உள்ள எல்.என். என்ஜினியரிங் என்ற சிறிய நிறுவனம். எஃகுக் குண்டுகளுக்குப் பதில் சிலிக்கான் நைட்ரைடு என்ற செராமிக் குண்டுகள் வைத்த பேரிங்கை அவர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு குண்டே இல்லாமல், அழுத்தத்தோடு வரும் புது ஆயிலில் மிதக்கும் பிளெயின் பேரிங்கையும் கொடுத்தார்கள். இந்த இரண்டாவது யோசனை போர்ஷேக்குத் தெரியாததல்ல. அதே தலைமுறையின் 911 டர்போவிலும் ஜிடி3-யிலும் இருந்தது ஹான்ஸ் மெட்ஸ்கரின் வழிவந்த வேறு என்ஜின். அதன் இடைத் தண்டு பிளெயின் பேரிங்கில்தான் சுழன்றது, இந்த நோயும் அதற்கு இல்லை. விலை உயர்ந்த காருக்குக் கொடுத்ததை மலிவான காருக்குக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். கடைசியில் 2009 மாடலில் வந்த புது என்ஜினில் இடைத் தண்டையே எடுத்துவிட்டார்கள்.

வெளி பார்ட்ஸ் அசலைவிட மேலானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது. ஆனாலும் உடனே ஓட வேண்டாம். பேரிங்கைத் தொட கியர்பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் மூன்றையும் இறக்க வேண்டும். 2006 வாக்கில் வந்த பெரிய பேரிங் என்றால் என்ஜினையே இரண்டாகப் பிளந்தால்தான் வெளியே வரும். ஃப்ளைவீலை இறக்கிய பிறகும், கேம் ஷாஃப்டுகளை அசையாமல் பூட்டாமல் கை வைத்தால், பேரிங் செய்திருக்க வேண்டிய நாசத்தை மெக்கானிக்கே செய்து முடித்துவிடுவார்.

அதற்கும் முன்னால் ஆயில் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். எம்96-ல் ஃபில்டர் காகித மடிப்புதான். வெள்ளைத் தாள்மேல் வைத்து மடிப்பு மடிப்பாக விரித்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், ஜிகினா தூவியதுபோல மினுக்கினால் கெட்ட செய்தி. காந்தத்தை அருகில் கொண்டுபோனால் துள்ளி ஒட்டுவது எஃகு. பேரிங் தேயத் தொடங்கிவிட்டது. ஒட்டாமல் கிடப்பது பெரும்பாலும் அலுமினியம். பழுப்பு நிறப் பிளாஸ்டிக் துணுக்குகள், செயின் உரசிப் போகும் தாங்கியிலிருந்து உதிர்ந்தவை. எஃகுத் தூள் என்ஜின் முழுக்கப் பரவிய பிறகு, எந்தப் பெட்டியிலிருந்து பேரிங் எடுத்துப் போட்டாலும் பிரயோஜனமில்லை.

பிளாஸ்டிக்கின் நியாயம்

இதே என்ஜினின் வாட்டர் பம்ப் நேர் எதிரான கதை சொல்கிறது. போர்ஷே கொடுக்கும் பம்ப்பின் இம்பெல்லர், அதாவது தண்ணீரைத் தள்ளும் விசிறி, கெட்டிப் பிளாஸ்டிக். கையில் எடுத்துப் பார்க்கிற எவருக்கும் 'இவ்வளவு விலை வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக்கா' என்றுதான் தோன்றும். வெளியே இரும்பு இம்பெல்லர் பம்ப் அதைவிட மலிவாகக் கிடைக்கிறது. இரும்புதானே உழைக்கும்?

பம்ப் எங்கே உட்காருகிறது என்று பார்த்தால் விஷயம் புரியும். இந்த என்ஜினில் பம்ப்புக்குப் பின்பக்கக் கூடு தனியாகக் கிடையாது. என்ஜின் பிளாக்கின் அலுமினியச் சுவரே கூடு. இம்பெல்லருக்கும் சுவருக்கும் நடுவே மெல்லிய இடைவெளிதான். பம்ப் பேரிங் தேய்ந்து ஆட்டம் வரும்போது பிளாஸ்டிக் சுவரில் உரசித் தானே தேயும். இரும்பு உரசினால் சுவர் தேயும். முதலாவதில் போவது பம்ப். இரண்டாவதில் போவது என்ஜின் பிளாக்.

பிளாஸ்டிக்குக்கும் வியாதி உண்டு. வயதானால் நொறுங்கும், துணுக்குகள் கூலன்ட் வழிகளில் போய் அடைத்துக்கொள்ளும். ஆகவே பம்ப் முனகத் தொடங்கும்வரை காத்திருக்காமல், சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம். அப்படி மாற்றும்போது அசலையே வாங்குவேன். முதல் கதையில் கம்பெனி செய்தது சிக்கனம், இரண்டாவதில் செய்தது யோசனை. இரண்டையும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது என்பதுதான் தொல்லை.

அசல் பெட்டிக்கு இன்னொரு அனுகூலம் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. போர்ஷே பார்ட் நம்பரின் கடைசி இரண்டு இலக்கங்கள் திருத்தத்தைக் காட்டுபவை. பழைய பாகத்தில் இருக்கும் எண்ணும் புதுப் பெட்டியின் எண்ணும் கடைசியில் மட்டும் மாறியிருந்தால், கம்பெனி நடுவில் ஏதோ ஒன்றைச் சரிசெய்திருக்கிறது என்று அர்த்தம். இந்தக் கார்களில் அடிக்கடி வெடிப்பு விடும் கூலன்ட் டேங்க், கசியும் ரியர் மெயின் சீல் போன்றவை அப்படித் திருத்தப்பட்டவை. மலிவு நகல் செய்பவர் எந்தக் காலத்து மாதிரியை வைத்து அச்சு எடுத்தார் என்று யாருக்குத் தெரியும்? திருத்துவதற்கு முந்தைய வடிவத்தை அச்சு அசலாக நகல் எடுத்து, அதன் வியாதியையும் சேர்த்து விற்கலாம்.

லேபர்தான் உண்மையான விலை. ஆயில் ஆவியைப் பிரிக்கும் ஏ.ஓ.எஸ். என்ற பிளாஸ்டிக் குடுவை இருக்கிறதே, கெட்டுப்போனால் ஸ்டார்ட் செய்ததும் தெருவே மறைகிற மாதிரி வெண்புகை தள்ளும். 996-ல் அது கை நுழையாத மூலையில் இருக்கிறது. பாகத்தின் விலையைவிட அதை எட்டுவதற்கான கூலி அதிகம். அங்கே பாதி விலை நகலைப் போட்டு, அது சீக்கிரமே போனால் கூலி இரண்டு முறை. கிளட்சும் அப்படித்தான். கியர்பாக்ஸ் கீழே இறங்கியிருக்கும்போது, எட்டாத இடத்தில் இருக்கும் ரப்பர் சீல் முதல் போல்ட் வரை நல்லதாகவே போட்டுவிட வேண்டும்.

கைக்கு எட்டுகிற பாகங்களுக்கு இந்தக் கவலை வேண்டாம். ஏர் ஃபில்டர், ஆயில் ஃபில்டர், பிளக், பெல்ட் இவற்றையெல்லாம் போர்ஷே செய்வதில்லை. மான், மாலே, பாஷ் என்று செய்பவர்கள் பெயரிலேயே கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். கார் உலகில் இது புதிதுமல்ல. ஜாகுவார் எக்ஸ்ஜே220 என்ற சூப்பர் காரின் பின்விளக்குகள் ரோவர் 200 என்ற சாதாரணக் குடும்பக் காருடையவை. 2004 முதல் லோட்டஸ் எலிஸில் வந்த என்ஜின் டொயோட்டாவுடையது. விவரம் தெரிந்தவர்கள் பார்ட்ஸை எந்தக் கவுன்டரில் கேட்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

பெட்டியில் தூங்கும் பிரேக்

பிரேக்கில் 'மாற்றுப் பாகம்' வேறு, 'மேம்பாடு' வேறு என்ற எல்லை கலங்கிவிடுகிறது. காலிப்பரில் போர்ஷே என்று எழுதியிருந்தாலும் செய்தது இத்தாலியின் பிரெம்போ. ஆகவே பேட் மாற்றும்போது சப்ளையர் பெயரில் வாங்குவதில் தவறே இல்லை. தவறு நடப்பது, ஒரிஜினலைவிட நல்லது என்று ரேஸ் பேட் வாங்கிச் சாலைக் காரில் போடும்போதுதான். ரேஸ் பேட் சூடானால்தான் கடிக்கும். காலையில் தெருமுனையில் குறுக்கே வரும் சைக்கிளுக்கு அது சூடாகும்வரை காத்திருக்க முடியுமா? கூடவே கிறீச்சென்று சத்தம் வேறு. அது கெட்ட பாகமல்ல; அதற்கு வேலை வேறு இடத்தில்.

செராமிக் டிஸ்க் விஷயம் இன்னும் சுவாரசியம். 2001-ல் 911 ஜிடி2-வோடு போர்ஷே கொடுக்கத் தொடங்கிய கார்பன் செராமிக் டிஸ்க் எடை குறைவு, எளிதில் சளைக்காது. ஆனால் புதிதாக வாங்கப் போனால் கையைக் கடிக்கும் என்பது குறைவான வார்த்தை. டிராக்கில் ஓட்டுகிற பலர் கார் வந்தவுடனே அசல் டிஸ்குகளைக் கழற்றித் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். காரில் இரும்பு டிஸ்க் ஓடுகிறது. விற்கும் நாளில் அசலைத் திரும்ப மாட்டி, அல்லது பெட்டியோடு கொடுத்து, முழு விலை கேட்பார்கள்.

சட்டமும் இந்தச் சண்டையில் நுழைந்திருக்கிறது. இத்தாலியின் அகாசியா என்ற நிறுவனம் போர்ஷே, ஆடி வீல்களின் தோற்றத்திலேயே அலாய் வீல் செய்து விற்றது. வடிவமைப்பு எங்கள் சொத்து என்று கார் கம்பெனிகள் வழக்குப் போட்டன. 2017 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது: பழுதுபார்த்துப் பழைய தோற்றத்துக்குக் கொண்டுவருவதற்காக என்றால், அதே தோற்றமுள்ள வீலை வெளியார் செய்யலாம், அளவையோ நிறத்தையோ மாற்றி அலங்காரத்துக்கு விற்க அந்தச் சலுகை கிடையாது. அமெரிக்காவில் 1975-ன் மாக்னுசன்-மாஸ் சட்டப்படி, குறிப்பிட்ட பிராண்ட் பாகத்தைத்தான் போட வேண்டும் என்று வாரன்டிக்கு நிபந்தனை விதிக்க முடியாது. நம் நாட்டில் 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், அசல் பாகங்களைத் தனியார் ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததாக 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. சென்னை ஜி.பி. ரோட்டில் ஒரு சென்சாருக்காகக் கடை கடையாக ஏறி இறங்கியவர்களுக்கு அந்த வழக்கின் வலி தனியாக விளக்க வேண்டியதில்லை.

உயிர் சம்பந்தப்பட்ட பாகத்தில் மட்டும் எனக்குச் சமரசமில்லை. ஏர்பேக், சீட் பெல்ட், ஸ்டீயரிங் பாகங்களை அங்கீகாரம் பெற்ற டீலரிடம், பில்லோடு. அசல் என்றால் ஆபத்தே இல்லை என்பதால் அல்ல. தகாட்டா ஏர்பேக் சரித்திரமே அசல் பாகத்தின் சரித்திரம்தான். ஃபெராரி உட்பட எத்தனையோ நிறுவனங்கள் தாங்களே பொருத்தி அனுப்பியதைத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது. ஆனால் அசலில் தவறு வந்தால் கார் நம்பரை வைத்து உங்களைத் தேடிக் கடிதம் வரும், இலவசமாக மாற்றித் தருவார்கள். பெயரில்லாத பெட்டியிலிருந்து யாரும் கடிதம் எழுத மாட்டார்கள்.

கார் இன்னும் பழையதாகிவிட்டால் இந்த விவாதமே செல்லாது, பாகமே இருக்காது. மொத்தம் 292 மட்டுமே தயாரான போர்ஷே 959-ன் கிளட்ச் ரிலீஸ் லீவர் அப்படித் தீர்ந்துபோன ஒன்று. 2018-ல் போர்ஷே அதை லேசரால் எஃகுத் தூளை உருக்கி, 3டி பிரின்டிங்கில் செய்வதாக அறிவித்தது. அந்தக் காலத்து லீவர் வார்ப்பிரும்பு. கிட்டத்தட்ட மூன்று டன் அழுத்தம் கொடுத்துச் சோதித்தார்கள், உள்ளே விரிசல் இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்தார்கள். பொருளும் வேறு, செய்முறையும் வேறு. ஆனால் போர்ஷே பெட்டியில் வருவதால் அது ஒரிஜினல். நிசான் 2017 கடைசியில் ஆர்32 ஜிடி-ஆருக்கும், டொயோட்டா அதன்பின் பழைய சூப்ராவுக்கும் நின்றுபோன பாகங்களை மறுபடி செய்து விற்கத் தொடங்கின. அந்தப் பழைய கார்களின் விலை ஏறியது கம்பெனிகளின் கண்ணிலும் பட்டிருக்கும்.

விற்கும்போது எது விலை போகும் என்று கேட்டால், காருக்குக் கார் பதில் மாறும். குறைந்த எண்ணிக்கையில் வந்த ஜிடி ரகங்களில் கண்ணாடியில் உள்ள முத்திரை முதல் வீல் வரை அசலா என்று துருவுவார்கள். அங்கே கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது லாபம். சாதாரண 996-ல் கதை வேறு. விளம்பரத்தின் முதல் வரியிலேயே 'ஐ.எம்.எஸ். மாற்றியாகிவிட்டது' என்று எழுதி அதற்கு விலையும் சேர்த்துக் கேட்கிறார்கள், வாங்குபவர்களும் கொடுக்கிறார்கள். அப்படி ஒரு காரைப் பார்க்கப் போனால் வாய்வார்த்தையை நம்ப வேண்டாம். பேரிங் யாருடையது, எத்தனையாவது கிலோமீட்டரில் மாற்றியது, எந்த ஒர்க்‌ஷாப், கழற்றிய பழைய பேரிங் எந்த நிலையில் இருந்தது என்று கேளுங்கள். பில்லில் பார்ட் நம்பர் இல்லையென்றால், பேரிங் மாற்றாத காரின் விலையைச் சொல்லிவிட்டுப் பேச ஆரம்பியுங்கள்.